57 ஆண்டுகள் கட்டிய வீடு!

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்று பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. "அடுத்த தை மாசம் பால் காய்ச்சிடலாம் சார்" என்று மேஸ்திரி சொன்னதை நம்பி, வாடகை வீட்டில் இன்னும் மூன்று பொங்கல் கொண்டாடிய குடும்பம் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. பாதியில் பணம் தீர்ந்துபோகும். ஆள் கிடைக்காது. வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்துவிடும். செங்கல் தெரியும் சுவரைப் பார்த்து, 'இன்னும் முடியலையா?' என்று போகிற வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

நமக்குத்தான் இந்தப் பாடு, ராஜா வீடு கட்டினால் சொடக்குப் போடும் நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் இந்த வாரம் ஸ்வீடன் நாட்டின் தலைநகர் ஸ்டாக்ஹோமுக்குப் போய்வருவோம். அங்கே கடலும் ஏரியும் சந்திக்கும் இடத்தில், பழைய நகரத்தின் தீவில், 600-க்கும் மேற்பட்ட அறைகளுடன் ஓர் அரண்மனை நிற்கிறது. ஐரோப்பாவின் பெரிய அரண்மனைகளில் ஒன்று. அதைக் கட்டி, ராஜா குடிபோக 57 ஆண்டுகள் ஆயின. கட்டச் சொன்ன ராஜா அதில் ஒரு நாள்கூட வாழவில்லை. வரைந்து கொடுத்த கட்டடக் கலைஞரும் முடிந்ததைப் பார்க்கவில்லை.

மூன்று கிரீடங்கள்

அந்த இடத்தில் முதலில் இருந்தது வேறொரு கோட்டை. 13-ம் நூற்றாண்டில் நகரம் உருவான காலத்திலேயே, நீர்வழியைக் காவல் காக்கக் கட்டப்பட்டது. நடுவில் உயரமான ஒரு காவல் கோபுரம். அதைச் சுற்றி ஒவ்வொரு ராஜாவும் தன் பங்குக்கு ஒரு சுவர், ஒரு மண்டபம், ஒரு மாடி என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். 16-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட மூன்றாம் ஜோஹான், முரட்டுக் கோட்டையை மாளிகையாக மாற்றினார். கோபுர உச்சியில் மூன்று கிரீடங்கள் வைக்கப்பட்டன. அதனால் கோட்டைக்கே 'ட்ரே க்ரோனோர்', அதாவது 'மூன்று கிரீடங்கள்' என்று பெயர் வந்தது. ஸ்வீடனின் தேசியச் சின்னம் இன்றும் அதுதான். அந்த நாட்டு ஐஸ் ஹாக்கி அணியைக்கூட ரசிகர்கள் அதே பெயரில்தான் அழைக்கிறார்கள்.

17-ம் நூற்றாண்டில் ஸ்வீடன் ஒரு வல்லரசு. பால்டிக் கடலைச் சுற்றியிருந்த நிலங்களில் பெரும்பகுதி அதன் கையில் இருந்தது. ஆனால் ராஜா இருந்ததோ ஒட்டுப்போட்ட பழைய கோட்டையில். பதினோராம் கார்ல் மன்னருக்கு இது உறுத்தியது. கோட்டையின் வடக்குப் பகுதியை மட்டும் புதுப்பிக்கும் வேலையை 1690-களில் நிக்கோடெமஸ் டெசின் என்ற கட்டடக் கலைஞரிடம் ஒப்படைத்தார்.

டெசினின் அப்பாவும் கட்டடக் கலைஞர். அவர் பெயரும் நிக்கோடெமஸ் டெசின்தான். மகன் ரோம் நகருக்குப் போய், அங்கே புகழின் உச்சியில் இருந்த பெர்னினி போன்ற மேதைகளின் வேலையை நேரில் பார்த்துப் பழகியவர். ரோமில் பார்த்த மாளிகைகளைப் போல ஒன்றைத் தன் ஊரில் எழுப்ப வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் கிடைத்தது பழைய கோட்டையின் ஒரு பக்கம் மட்டும். அதையே அழகாகச் செய்து முடித்துக்கொண்டிருந்தார்.

1697 மே 7

1697 ஏப்ரலில் மன்னர் கார்ல் இறந்துபோனார். அவருக்கு வயது 41. பட்டத்துக்கு வந்த மகன் பன்னிரண்டாம் கார்லுக்கு 14 வயதுதான். இறந்த மன்னரின் உடலை உடனே அடக்கம் செய்யவில்லை. அந்தக்கால வழக்கப்படி கோட்டையிலேயே வைத்திருந்தார்கள்.

மே 7-ம் தேதி, பட்டப்பகல். அரச மண்டபத்துக்கு மேலே இருந்த பரணில் தீப்பிடித்தது. பழைய கட்டடம், மேலே முழுக்க மரம். தீக்காவலுக்கென்றே ஆட்கள் இருந்தார்கள். ஆனால் அந்த நேரத்தில் ஒருவர் மேலதிகாரி வீட்டு வேலையாக வெளியே போயிருந்தார். இன்னொருவர் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல் சமையலறையில் இருந்தார். தீயணைக்கும் கருவிகள் இருந்த இடத்துக்குப் போகும் வழியையே தீ அடைத்துவிட்டது.

முதலில் மன்னரின் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 60 வயதான பாட்டி ராணி ஹெட்விக் எலியோனோரா, இளம் மன்னர், அவருடைய தங்கை உல்ரிகா எலியோனோரா என்று அரச குடும்பம் தப்பியது. தங்கைக்கு அப்போது 9 வயது. நடுக்கோபுரம் சரிந்து விழுந்தது. மூன்று கிரீடங்களும் போயின.

அந்தக் கோட்டைக்குள்தான் நாட்டின் ஆவணக் காப்பகமும் அரச நூலகமும் இருந்தன. நூலகத்தில் பெரும்பகுதி எரிந்து சாம்பலானது. கையில் கிடைத்த புத்தகங்களை ஜன்னல் வழியாக வெளியே வீசினார்கள். அப்படி வீசப்பட்டவற்றில் ஒன்று 'பிசாசு பைபிள்' என்று பெயர் பெற்ற ராட்சதக் கையெழுத்துப் பிரதி. எடை 75 கிலோ! ஒரு முழுப் பக்கத்தில் பிசாசின் படம் வரைந்திருப்பதால் அந்தப் பெயர். கீழே நின்ற ஒருவர் மீது அது விழுந்து காயம் ஏற்பட்டதாகக்கூட ஒரு கதை உண்டு. அந்தப் புத்தகம் இன்றும் ஸ்டாக்ஹோமில் தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

தீக்காவல் பொறுப்பில் இருந்தவர்கள் மீது விசாரணை நடந்தது. சிப்பாய்கள் இரண்டு வரிசையாக நிற்க, நடுவில் நடக்கவிட்டு அடிக்கும் கொடிய தண்டனை கிடைத்தது. அடித்து என்ன பயன்? நானூறு ஆண்டு வரலாறு ஒரு பிற்பகலில் போய்விட்டது.

ஆறு வாரத்தில் வரைபடம்

ஊரே அழுதுகொண்டிருந்தபோது ஒருவர் மட்டும் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டார். டெசின்!

தீ அணைந்து ஆறே வாரத்தில் முழு அரண்மனைக்கான வரைபடங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். இவ்வளவு வேகம் எப்படி? அவர் மனதில் அது முன்பே தயாராக இருந்தது. வடக்குப் பகுதியைப் புதுப்பித்தபோதே, மற்ற மூன்று பக்கங்களும் எப்படி இருக்கவேண்டும் என்று யோசித்து வைத்திருந்தார். அவர் கட்டிய வடக்குப் பகுதியின் வெளிச்சுவர்கள் தீயையும் தாக்குப்பிடித்து நின்றன. அதோடு இணைத்துக் கட்ட வேண்டியதுதான் பாக்கி.

திட்டம் எளிமையானது, கம்பீரமானது. நடுவில் பெரிய முற்றம். நான்கு பக்கமும் நீளமான கட்டடங்கள். நான்கு முகப்புகளுக்கும் நான்கு குணம். மேற்கே ராஜாவுக்கு, கிழக்கே ராணிக்கு. தெற்கே நாட்டுக்கு: அந்தப் பக்கத்தில் ஒரு புறம் அரச மண்டபம், மறு புறம் தேவாலயம். வடக்கே ஆட்சி அதிகாரத்தின் மிடுக்கு. ரோம் நகரத்து மாளிகை ஒன்றைத் தூக்கிவந்து வடதுருவப் பனிக்காற்றில் வைத்ததுபோல ஒரு கற்பனை.

அரச குடும்பம் பக்கத்திலேயே ரிட்டர்ஹோல்மன் என்ற சின்னத் தீவில் இருந்த ராங்கெல் மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. 'புது வீடு முடியும்வரை' என்றுதான் போனார்கள். அந்தத் தற்காலிக ஏற்பாடு 57 ஆண்டுகள் நீடிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

பீரங்கி தின்ற பணம்

வேலை நன்றாகத்தான் தொடங்கியது. 1700-ல் போர் வந்தது. டென்மார்க், போலந்து மன்னர், ரஷ்யா என்று மூன்று பக்கமும் எதிரிகள். 18-வது பிறந்தநாளைக்கூட எட்டாத இளம் மன்னர் கார்ல், படையோடு கிளம்பினார். அன்று ஸ்டாக்ஹோமை விட்டுப் போனவர்தான். அதன்பின் அந்த நகரத்துக்கு அவர் உயிரோடு திரும்பவே இல்லை.

ஆரம்பத்தில் வெற்றிமேல் வெற்றி. அரண்மனை வேலையும் நடந்தது. ஆனால் போருக்குப் பணம் போகப்போக, கட்டட வேலைக்குக் கிடைப்பது குறைந்துகொண்டே வந்தது. 1709-ல் இன்றைய உக்ரைனில் இருக்கும் போல்டாவா என்ற ஊரில் ஸ்வீடன் படை ரஷ்யப் பேரரசர் பீட்டரிடம் படுதோல்வி அடைந்தது. அந்த ஆண்டே அரண்மனை வேலை நின்றுபோனது. அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் பிளேக் நோய் பரவி ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். சுவர் எழுப்ப ஆளுமில்லை, பணமுமில்லை. ராஜா வீட்டைப் பற்றி யோசிக்கும் நிலையில் யாருமே இல்லை.

பாதி எழுந்த சுவர்கள் மழையிலும் பனியிலும் நனைந்துகொண்டு நின்றன. ஒரு வருடம் இல்லை, இரண்டு வருடம் இல்லை. சுமார் 18 ஆண்டுகள்!

எதிர்வீட்டுக்காரர்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அரண்மனையின் தெற்கு முகப்புக்கு எதிரே, சரிவான சதுக்கத்தின் மறுபக்கத்தில், டெசின் தனக்காக ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். தீ விபத்துக்கு முன்பே தொடங்கி, 1700 வாக்கில் முடித்துவிட்டார். அழகான சின்ன மாளிகை, பின்னால் ரோம் பாணியில் அளவெடுத்துச் செய்தது போன்ற ஒரு தோட்டம். அது இன்றும் இருக்கிறது. ஸ்டாக்ஹோம் மாவட்ட ஆளுநரின் இல்லம் அதுதான்.

நினைத்துப்பாருங்கள். தன் வீட்டை ஐந்தாறு வருடத்தில் கட்டி முடித்தவர், வாசலுக்கு வந்தால் எதிரே தெரிவது தன் வாழ்நாள் கனவின் பாதிச் சுவர்கள். அதை அவர் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டே வாழ்ந்தார். பதவிக்கும் பட்டத்துக்கும் குறைவில்லை. 'கவுன்ட்' என்ற உயர்ந்த பிரபுப் பட்டம்கூடக் கிடைத்தது. ஆனால் எதிர்வீடு மட்டும் வளரவே இல்லை.

1718-ல் மன்னர் கார்ல் நார்வேயில் ஒரு கோட்டையை முற்றுகையிட்டபோது தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். 1721-ல் போர் ஒருவழியாக முடிந்தது. ஸ்வீடன் வல்லரசு என்ற நிலையை இழந்திருந்தது. ஆட்சிமுறையும் மாறிவிட்டது. ராஜா வைத்ததே சட்டம் என்ற காலம் போய், அதிகாரம் நாடாளுமன்றத்தின் கைக்கு வந்தது. பிரபுக்கள், பாதிரியார்கள், நகரத்து வணிகர்கள், விவசாயிகள் என நான்கு பிரிவினரும் அதில் உட்கார்ந்தார்கள்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. எல்லா அதிகாரமும் கொண்ட ஒரு மன்னருக்காக வரையப்பட்ட அரண்மனை அது. அதைத் தொடர்ந்து கட்டப் பணம் கொடுத்ததோ மன்னரின் அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்ட நாடாளுமன்றம். 1727-ல் ஒப்புதல் கிடைத்து மீண்டும் வேலை தொடங்கியது. டெசினுக்கு அப்போது 70 வயது தாண்டிவிட்டது. சுத்தியல் சத்தத்தை மறுபடி கேட்டுவிட்டார், அவ்வளவுதான். 1728 ஏப்ரலில் கண்ணை மூடினார்.

தீக்குப் பிறகு பிறந்தவர்

அடுத்துப் பொறுப்புக்கு வந்தவர் டெசினின் மகன் கார்ல் குஸ்தாவ் டெசின். தீப்பிடித்தபோது அவர் இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தை. அவரோடு சேர்ந்து, கட்டட வேலையை உண்மையில் தோளில் சுமந்தவர் கார்ல் ஹோர்லமன். இவர் பிறந்ததே 1700-ல்தான். பழைய கோட்டையைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்!

ஹோர்லமனுக்கு முன்னால் ஒரு கேள்வி இருந்தது. முப்பது வருடத்துக்கு முந்தைய வரைபடம். அதற்குள் ஐரோப்பாவில் ரசனையே மாறிவிட்டது. ரோம் பாணியின் கனமான கம்பீரம் பழசாகி, பாரிஸ் நகரத்தின் மென்மையான, கொடியும் சிப்பியுமாக வளையும் அலங்காரம்தான் எல்லோரும் விரும்புவதாக இருந்தது. எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?

அவர் செய்தது புத்திசாலித்தனமான காரியம். வெளியே டெசினின் திட்டத்தைப் பெரும்பாலும் அப்படியே விட்டார். உள்ளே மட்டும் தன் காலத்துக்கு ஏற்றபடி செய்தார். அதனால்தான் இன்று அந்த அரண்மனையை வெளியிலிருந்து பார்த்தால் கண்டிப்பான அப்பா போல இருக்கும். உள்ளே போனால் ரசனையான பிள்ளை போல இருக்கும்.

உள்ளலங்காரம் செய்ய அந்த அளவுக்குத் தேர்ந்த கைகள் ஸ்வீடனில் போதுமான அளவு இல்லை. போரிலும் நோயிலும் ஒரு தலைமுறையே தேய்ந்துபோயிருந்தது. எனவே 1732 முதல் பிரான்ஸிலிருந்து சிற்பிகள், ஓவியர்கள், உலோக வேலைக்காரர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அவர்களில் தாரவால் என்ற ஓவியர் உள்ளூர் இளைஞர்களுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தார். 1735-ல் அதற்கென்றே ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அதுதான் பின்னாளில் ஸ்வீடனின் அரச நுண்கலைக் கழகமாக வளர்ந்தது. வீடு கட்டப் போய், கூடவே ஒரு கலைப்பள்ளியும் கட்டிவிட்டார்கள்! அரண்மனையால் அந்த நாட்டுச் சாதாரணப் பிள்ளைகளுக்குக் கிடைத்த நல்லது எது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

பால் காய்ச்சியவர்கள்

1754-ல் மன்னர் அடோல்ஃப் ஃப்ரெட்ரிக்கும் ராணி லோவிசா உல்ரிகாவும் குடியேறினார்கள். மன்னர் ஜெர்மனியில் பிறந்து, ஸ்வீடன் நாடாளுமன்றத்தால் வாரிசாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ராணி பிரஷ்யாவின் இளவரசி. இருவருக்குமே 1697-ன் தீயைப் பற்றி நேரடி நினைவு எதுவும் கிடையாது. அவர்கள் மகன், பின்னாளில் மூன்றாம் குஸ்தாவ் மன்னர், பிறந்தது அந்தத் 'தற்காலிக' ராங்கெல் மாளிகையில்தான்.

அன்று வாசலில் இல்லாதவர்களைக் கணக்கெடுத்துப் பாருங்கள். சவப்பெட்டிக்குப் பின்னால் ஓடிய பாட்டி ராணி 1715-ல் போய்விட்டார். கட்டச் சொன்ன மன்னர் 1718-ல். வரைந்தவர் 1728-ல். ஒன்பது வயதில் தீயைப் பார்த்த தங்கை உல்ரிகா எலியோனோரா, நாட்டுக்கே ராணியாக இருந்தும், 1741-ல் ராங்கெல் மாளிகை காலத்திலேயே இறந்தார். அவர் கணவர் மன்னர் ஃப்ரெட்ரிக் 1751-ல். ஹோர்லமன் 1753-ல். இன்னும் ஒரே ஒரு வருடம் இருந்திருந்தால் பார்த்திருப்பார்!

தீயிலிருந்து தப்பி, புது வீட்டுக்கும் வந்து சேர்ந்த பொருள் ஒன்று உண்டு. அது ஒரு வெள்ளி சிம்மாசனம். 1650-ல் கிறிஸ்டினா ராணியின் முடிசூட்டு விழாவுக்காக ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் செய்தது. எரிந்த கோட்டையிலிருந்து மீட்கப்பட்டு, இப்போது தெற்குப் பக்கத்து அரச மண்டபத்தில் இருக்கிறது. அந்த மண்டபத்தில்தான் 1755 முதல் 1974 வரை நாடாளுமன்றத்தின் தொடக்க விழாக்கள் நடந்தன. பணம் கொடுத்தவர்களுக்கு வீட்டில் ஓர் இடம் கிடைத்துவிட்டது.

இன்னும் முடியவில்லை

சரி, இன்றைக்காவது அங்கே ராஜா நிம்மதியாக இருக்கிறாரா? அதுவும் இல்லை. இப்போதைய மன்னர் பதினாறாம் கார்ல் குஸ்தாவின் குடும்பம் 1981-லேயே நகரத்துக்கு வெளியே ட்ரொட்னிங்ஹோம் அரண்மனைக்குக் குடிபோய்விட்டது. ஸ்டாக்ஹோம் அரண்மனை அவருக்கு அலுவலகம். டிக்கெட் வாங்கினால் நாமும் அரச அறைகளைச் சுற்றிப் பார்க்கலாம். வடக்குப் பகுதியின் அடித்தளத்தில் பழைய 'மூன்று கிரீடங்கள்' கோட்டையின் சுவர்களையே பார்க்கும்படி ஓர் அருங்காட்சியகமும் உண்டு.

வேலையும் ஓயவில்லை. முகப்புகளில் இருக்கும் மணற்கல் முந்நூறு ஆண்டுப் பனியிலும் மழையிலும் அரித்துப்போய்விட்டது. 2011-ல் அதைச் சீர்செய்யும் பணி தொடங்கியது. சாரம் கட்டி, ஒரு பகுதியை முடித்து, அடுத்த பகுதிக்கு நகர்ந்து என்று போகும் இந்த வேலைக்குத் திட்டமிட்ட காலம் 22 ஆண்டுகள். இந்த முறை யாரும் ஆறு வாரத்தில் ஆசைப்படவில்லை. நிதானமாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

டெசின் தோற்றுப்போனவரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் விட்டுப்போனது பாதிச் சுவர்களை மட்டுமல்ல, மற்றவர்கள் தொடர்ந்து கட்டும்படியான தெளிவான வரைபடத்தையும்தான். அதனால்தான் போர், பிளேக், ஆட்சி மாற்றம் எல்லாவற்றையும் தாண்டி, அவரை அறியாத கைகள்கூட அதை முடிக்க முடிந்தது. தாமதமான வீட்டைவிட, பாதியில் தூக்கிப்போட்ட திட்டம்தான் உண்மையான நஷ்டம்.

உங்கள் வீட்டு மாடிப்படி இன்னும் கைப்பிடிச் சுவர் இல்லாமல் நிற்கிறதா? யாராவது கேட்டால் ஸ்டாக்ஹோம் கதையைச் சொல்லுங்கள். அப்படியே மேஸ்திரிக்கு ஒரு போனும் போட்டுவிடுங்கள்!